வேலை வாங்க ஆயிரம் பேர், மனு வாங்க ஒருவரும் இல்லை

"மனுதாரர் இம்மருத்துவமனையின் பணியாளர் அல்லர். எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது."

இரண்டே வரி. கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

இத்தனை வருஷமாக நான் கழுவுகிற தரை பிறகு யாருடையது ஐயா? அந்தக் கையெழுத்தைப் போட்ட அறையை அன்று காலையில் பெருக்கித் துடைத்ததே நான்தான். மேசைக் கண்ணாடியில் தூசி இருக்கிறது என்று இரண்டாம் தடவை கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார்கள். அப்போது மட்டும் நான் எந்த ஏஜென்சி என்று யாரும் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை எனக்கு. எந்த ஊர் ஜி.ஹெச். என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும். சம்பளச் சீட்டில் ஏஜென்சி பெயர், சட்டைப் பையில் ஏஜென்சி முத்திரை. ஆனால் "ஏம்மா, பன்னெண்டாம் பெட்டுல வாந்தி எடுத்துட்டாங்க, ஓடியா" என்று கூப்பிடுவது ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரி டூட்டியில் கண் அசந்தேனா என்று பார்த்துவிட்டுப் போவது ஆர்.எம்.ஓ. ஒரு நாள் லீவு கேட்டால் எங்கள் சூப்பர்வைசர், "மொதல்ல சிஸ்டர் கிட்ட கேட்டுட்டு வா" என்பார். சுத்தமான ஆஸ்பத்திரிக்குத் தருகிற காயகல்ப் விருதுக்கு ஆய்வுக் குழு வருகிறது என்றால், முதல் நாள் விடிய விடியச் சுவரைத் தேய்க்க வைப்பதும் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். குழு கேட்டால், "எல்லாம் நம்ம ஸ்டாஃப்" என்று எங்களைக் காட்டுவார்கள். குழு போன மறுநாள் நாங்கள் பழையபடி ஏஜென்சி ஆள்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? டூட்டி சார்ட்டை எடுத்துப் பாருங்கள் என்றேன், அவ்வளவுதான். பிணவறை, பிரசவ வார்டுக் கழிப்பறை, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற மஞ்சள் கழிவுப் பை எல்லாம் எங்கள் தெருப் பெண்களுக்கு. ஓ.பி. கவுண்டர், ஆபீஸ் வராந்தா, டாக்டர்கள் அறை, ஸ்டோர் மற்றவர்களுக்கு. சுழற்சி முறை என்று சார்ட்டின் தலையிலேயே எழுதியிருக்கிறது. மாதம் மாறுகிறது, எங்கள் இடம் மாறுவதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை முதல் வாரம் ஓ.பி.யில் போட்டார்கள். எந்த ஊர், ஊருக்குள்ளே எந்தப் பக்கம் என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் அவளும் எங்களோடு மஞ்சள் பை தூக்கினாள்.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "உங்களுக்குன்னா பழக்கம், மத்தவங்க பயப்படுவாங்க" என்றார் சூப்பர்வைசர், ஏதோ பாராட்டுவதுபோல. பழக்கமாம்! என் அம்மா என்னைப் பிணவறையிலா வளர்த்தாள்? பிளஸ் டூ வரை படிக்க வைத்தாள். முதன்முதலில் பிணத்தை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் எனக்கும் இருந்தது. அதைச் சொல்லித் தப்பிக்கிற உரிமைதான் இல்லை. டீ எங்கே நின்று குடிக்கிறோம் என்பதை நான் மனுவில் எழுதவே இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரியிடம் போனேன். "சார்ட் போடறது உங்க ஏஜென்சிம்மா, அங்க போய்ச் சொல்லு" என்றார். ஏஜென்சி மேனேஜருக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரியில எங்க ஆள் வேணும்னு அவங்க சொல்றாங்க, நாங்க போடறோம். எதுக்கும்மா பிரச்சினை? டெண்டர் முடியப்போவுது, தெரியும்ல?" தொழிலாளர் துறை ஆபீசில், சம்பளப் பாக்கியா, பி.எஃப். கட்டவில்லையா என்று கேட்டார்கள். அதெல்லாம் இருந்தால் எழுதிக் கொடு, சாதி பார்த்து வேலை பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களிடம் வராது என்றார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனு சுற்றிச் சுற்றி, நான் யார்மேல் புகார் சொன்னேனோ அவர் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. பச்சை மைப் பதில் வந்தது அப்படித்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரே கேள்வி: "சாதிப் பேரச் சொல்லித் திட்டினாங்களா? யார் முன்னாடி?"

திட்டவில்லை ஐயா. திட்டியிருந்தால் ஒரு வழக்காவது கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மாதான் உட்காரவைத்துப் பேசினார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்ததாம். பட்டியல் சாதியினரைப் பிணம் சுமக்க வைப்பதையும் அப்புறப்படுத்த வைப்பதையும் அது குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறதாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டாம். திரும்ப ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொன்னேன். "ஆஸ்பத்திரியில பொணம் தள்ளறது வேலைதானம்மா" என்றார் ஏட்டய்யா. வேலைதான், நான் இல்லை என்றா சொன்னேன்? அதே சட்டையைப் போட்டு, அதே சம்பளம் வாங்குகிற மற்ற பெண்களுக்கு அது ஏன் ஒரு நாளும் வேலையாகவில்லை என்றுதானே கேட்கிறேன்?

எனக்கு ரத்தம் கொதிப்பது இன்னொரு இடத்தில். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலமாக வேலைக்கு வந்தவளையும் ஊழியர் என்றே சொல்கிறது. அவள் வேலையில் இருப்பது முதலாளிக்குத் தெரியாமலே இருந்தாலும் அவள் ஊழியர்தான். ஆக, அதே சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து இழுத்தால் நான் இந்த ஆஸ்பத்திரியின் ஊழியர், இங்கே இருக்கிற குழுவில் புகார் கொடுக்கலாம். என் சாதியைப் பார்த்து என்னைப் பிணவறைக்கு அனுப்பினால் நான் யாரோ. எழுதத் தெரியாமல் விட்டார்கள் என்று இனி யாரும் சொல்லக் கூடாது. ஒரு சட்டத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார்களே!

தண்ணீர், கழிப்பறை, ஓய்வறை விஷயத்திலும் அப்படித்தான். ஒப்பந்தக்காரர் செய்து தராவிட்டால் வேலை வாங்குகிற நிறுவனம் செய்ய வேண்டும், அவர் சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் அதுதான் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ அந்த வசதிகளை நேராக நிறுவனத்தின் தலையிலேயே வைக்கிறது. என் தாகத்துக்கு ஆஸ்பத்திரி பொறுப்பு. என் மானத்துக்கு?

அந்தப் புதிய தொகுப்பில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் முக்கிய வேலைக்கு ஒப்பந்த ஆள் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, எதெல்லாம் முக்கியமில்லை என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். முதலில் நிற்பது பெருக்குவது, துடைப்பது, குப்பை அள்ளுவது. சுத்தம் செய்வதற்கென்றே நடத்துகிற நிறுவனமாக இருந்தால்தான் கணக்கு வேறு. வார்டுக்கு வார்டு கைகழுவச் சொல்லிப் படம் ஒட்டியிருக்கிறீர்கள், தொற்றுத் தடுப்புக்கென்று தனிக் கமிட்டி வைத்திருக்கிறீர்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சுத்தம் முக்கியமில்லை! எங்களை ஒரு வாரம் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, தியேட்டரைத் திறந்து பாருங்கள்.

கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 14, 15ஆம் பிரிவுகள் சொல்கின்றன, தீண்டாமையை 17ஆம் பிரிவு ஒழித்தேவிட்டது, ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்று. போட்டால், முதலில் நீ அரசின் ஆள் என்று நிரூபி என்பார்கள். ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு, உண்மையான முதலாளி நிறுவனம்தான் என்று ஒரு தொழிலாளி சொன்னால், சாட்சி வைத்துத் தொழில் தீர்ப்பாயத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2016இல் பஞ்சாப் வழக்கில் சம வேலைக்குச் சமச் சம்பளம் என்று நல்ல தீர்ப்பு வந்தது. அது அரசே எடுத்த தற்காலிக ஊழியர்களைப் பற்றியது என்றார் வக்கீலம்மா. நடுவில் ஒரு ஏஜென்சியை நிறுத்திவிட்டால் எல்லாத் தீர்ப்பும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. ஏஜென்சி எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஆள் அனுப்ப இல்லை, குறுக்கே நிற்க.

அமெரிக்காவில் இப்படியில்லை என்றும் அவர்தான் சொன்னார். 1964இல் வந்த சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அலுவலகத்தின்மேல் புகார் வந்தால், சம்பளம் தருவது யார் என்பதோடு விடமாட்டார்களாம். வேலை சொல்வது யார், நேரம் வைப்பது யார், வேண்டாம் என்று அனுப்புவது யார் கையில் என்று பார்ப்பார்களாம். இரண்டு பேருமே முதலாளி என்று முடிவாகலாமாம். அங்கேயும் தேன் ஒழுகவில்லை. 45 நாளைக்குள் புகாரைத் தொடங்காவிட்டால் கதவு சாத்திவிடும், தொடங்கினாலும் நிரூபிப்பது நம் பாடு. ஆனாலும் அந்தக் கேள்வியையாவது கேட்கிறார்களே. இங்கே எம்.பி. சசி தரூர் எல்லாப் பாகுபாட்டுக்கும் எதிராக ஒரு தனிநபர் மசோதாவை 2017இல் மக்களவையில் கொண்டுவந்தாராம். சட்டமாகாமலே போய்விட்டது. எந்தக் கட்சிக்காரரும் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அடுத்த டெண்டர் வருகிறது. எத்தனை லிட்டர் பினாயில், எத்தனை மாப், எத்தனை ஆள் என்று கணக்காக எழுதுவீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: இங்கே வேலை செய்கிற யார் பாகுபாடு என்று மனுக் கொடுத்தாலும் ஆஸ்பத்திரித் தலைமையே விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும், மனுக் கொடுத்ததற்காக ஆளை மாற்றக் கூடாது. சேர்க்க முடியாது என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: பணியாளரே அல்லாத ஒருத்தியிடம் பிணவறைச் சாவியைக் கொடுத்து உள்ளே அனுப்பினீர்களே, யார் உத்தரவில் அனுப்பினீர்கள்? அதற்கும் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.