வாடகை வீட்டில் ஒரே மீட்டரா? ரூ.517 கரண்ட் பில் ரூ.2,080 ஆவது இப்படித்தான்!

ஏற்காடு மலையில் உள்ள மஞ்சக்குட்டை மாதிரி ஊரில் முதல்முறையாக வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் வாடகையையும் அட்வான்ஸையும் பேசி முடித்துவிட்டு, "கரண்ட் பில் தனி" என்ற ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் அது எவ்வளவு பெரிய வரி என்று தெரியும்.

வீடுகளுக்கான கட்டணம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016 முதல் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 500 யூனிட் வரை பயன்படுத்தினால்:

* 101 - 200 யூனிட்: ரூ.2.35
* 201 - 400 யூனிட்: ரூ.4.70
* 401 - 500 யூனிட்: ரூ.6.30

2025 ஜூலை உயர்வு வீடுகளுக்குக் கிடையாது. ஆனால் 500-ஐத் தாண்டினால் ரூ.2.35 சலுகை போய்விடும். 101-ல் இருந்தே ரூ.4.70, 500-க்கு மேல் ரூ.8.40 எனக் கணக்கு மாறும். அதனால் 500 யூனிட்டுக்கு ரூ.1,805 வரும் பில், 501 யூனிட்டுக்கு ரூ.2,048 ஆகிவிடும். ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்!

மலையில் எதற்கு அதிக கரண்ட்?

கீழே சேலத்தில் ஏசி என்றால், மேலே ஏற்காட்டில் கீசர். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இருவர் இருக்கும் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போட்டால், இரண்டு மாதத்தில் 120 யூனிட். பிரிட்ஜுக்கு சுமார் 50, லைட், டிவி, மிக்ஸி, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 40 என வைத்தால் மொத்தம் 210 யூனிட். பில் ரூ.282. பனிக்காலத்தில் கீசர் கூடுதலாக ஓடி 260 யூனிட் ஆனாலும் ரூ.517தான்.

பிரச்சினை எங்கே வருது?

இதெல்லாம் தனி மீட்டர் இருந்தால் மட்டுமே. ஒரே இணைப்பில் இரண்டு போர்ஷன் இருந்து, ஒவ்வொன்றும் 260 யூனிட் பயன்படுத்தினால் மொத்தம் 520. பில் ரூ.2,208. தனித்தனி இணைப்பு என்றால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே ரூ.1,034தான் வந்திருக்கும். இரண்டு குடும்பம் இருந்தும் 100 யூனிட் இலவசம் ஒருமுறைதான் கிடைக்கும்.

சரி, ஓனர் சப் மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு 8 ரூபாய்" என்றால்? ஒரு வீட்டுக்கு ரூ.2,080. இரண்டு வீட்டிலும் சேர்த்து வசூலாவது ரூ.4,160. மின்வாரியத்துக்குப் போவது ரூ.2,208 மட்டுமே.

அப்போ நியாயமான கணக்கு எது?

மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, சப் மீட்டர் காட்டும் யூனிட்டால் பெருக்கினால் போதும். மேலே சொன்ன உதாரணத்தில் யூனிட்டுக்கு சுமார் ரூ.4.25. ஒரு வீட்டுக்கு ரூ.1,104.

குடிபோகும் முன் கவனிக்க வேண்டியவை

* மீட்டர் தனியா, பொதுவா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். மோட்டார், மாடிப்படி லைட் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.
* சர்வீஸ் நம்பரை வாங்கி மின்வாரிய இணையதளத்தில் பழைய பாக்கி இருக்கிறதா எனப் பாருங்கள். பாக்கி யாருடையதாக இருந்தாலும், கரண்ட் கட் ஆவது குடியிருப்பவர் வீட்டில்தான்.
* சாவி வாங்கும் நாளிலேயே மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.
* யூனிட் கணக்கை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.
* பில் தொகையில் சந்தேகம் இருந்தால் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைக்கலாம்.

வாடகை 500 ரூபாய் குறைவு என்று பொது மீட்டர் வீட்டைப் பிடிப்பவர்கள் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. மேலே சொன்ன 8 ரூபாய் கணக்கில் இரண்டு மாதத்துக்கு ரூ.1,563 கூடுதலாகப் போகும். வாடகையில் மிச்சமாவது ரூ.1,000 மட்டுமே.