இயந்திரம் காத்த உயிரை வைரஸுக்குப் பறிகொடுப்பதா?

சிறுநீரகம் பழுதடைந்த ஒருவர் கிளிவெட்டியில் விடியுமுன் பஸ் ஏறுகிறார். திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ போய், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் நான்கு மணிநேரம் படுத்து எழுந்து, களைத்துப்போய் வீடு திரும்புகிறார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதே பாடு. அன்று அவருக்கும் சம்பளமில்லை, துணைக்குப் போனவருக்கும் இல்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களைவிட்டு வந்த நம் உறவுகள் பலர் திருகோணமலை மாவட்டத்தில் குடியேறினார்கள். காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் இம்மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினையும்தான்.

இதில் அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்து உண்டு. இயந்திரத்தில் இரத்தம் வெளியே வந்து உள்ளே போகிறது. கையுறை மாற்றாமை, சரியாகத் துடைக்காத மேசை போன்ற சிறு கவனக்குறைவே ஈரலைத் தாக்கும் பி, சி வைரஸ்களுக்கு வழிவிடும். பி வைரஸ் காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள்வரை உயிரோடிருக்கும்.

சிறுநீரக நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அதனால் காய்ச்சலோ செங்கண்மாரியோ காட்டாமலே வைரஸ் உடம்பில் தங்கிவிடும். ஆண்டுகள் கழித்து ஈரல் சுருங்கலாம், புற்றுநோயாகலாம். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்கூட, அதற்காக உட்கொள்ளும் மருந்துகளால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம்.

தடுக்க வழி இருக்கிறது. பி வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. இலங்கையில் குழந்தைகளுக்கு அது 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம்மில் பெரும்பாலோர் அதைப் போட்டதில்லை. சிறுநீரகம் முற்றாகப் பழுதாகுமுன் போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும். பிந்தினால் இரட்டிப்பு அளவு கொடுத்தும் சிலருக்குப் பலன் கிட்டாது. சி வைரஸுக்கு ஊசி இல்லை. ஆனால் இரண்டு மூன்று மாத மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது குணமாகிறது. கண்டுபிடித்தால்தானே மருந்து கொடுக்கலாம்!

ஆகவே நாம் கேட்பது இவை:

சிறுநீரக நோய் என்று கிளினிக்கில் தெரிந்த உடனேயே பி தடுப்பூசி போட வேண்டும்.

சுத்திகரிப்பு தொடங்குமுன் இரு வைரஸ்களுக்கும் இரத்தம் சோதிக்க வேண்டும். சி சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். முடிவை நோயாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சி வைரஸுக்கான மாத்திரைகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் தட்டுப்பாடின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

சுத்திகரிப்பு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். நோயைக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வைரஸ் இருப்பதாகத் தெரிந்தவரை ஒதுக்காதீர்கள். ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ கையைப் பிடிப்பதாலோ இது தொற்றாது. சவர அலகையும் பல்துலக்கியையும் மட்டும் தனியே வையுங்கள். பி வைரஸ் உள்ளவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் சோதித்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்புக்குப் போகும் அங்கத்தவர்கள் தம் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டார்களா, இரத்தம் சோதித்தார்களா என்று ஒவ்வொரு கிளையும் விசாரிக்கட்டும். தனியாள் கேட்டால் நாளை வா என்பார்கள். சங்கமாகக் கேட்போம்.