மூக்கும் முழியும் 12 மாசத் தவணையும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவாவில் ஆணி புடுங்குற சாதாரண ஆசாமி. "அப்போ ஆபரேஷனே வேணாங்கிறியா?"ன்னு கேட்கப்போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: இல்லை. முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சித்தி போன் பண்ணினாங்க. "தம்பி, பாப்பாவுக்கு மூக்குல ஆபரேஷன் பண்ணலாம்னு இருக்கோம். நீ கூட வந்து என்ன ஏதுன்னு கேளு." எங்க வீட்டுல மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் கம்ப்யூட்டர் படிச்சவன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க, அதனால மறுபேச்சு பேசாம கிளம்பிட்டேன்.

பாப்பான்னா சித்தி பொண்ணு. வயசு 24, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. தை மாசம் கல்யாணம். மூக்குல என்ன கோளாறுன்னா ஒரு கோளாறும் இல்லை. எங்க தாத்தா மூக்கு, தண்டுல லேசா ஒரு மேடு. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு மாப்பிள்ளையோட பெரியம்மா, "பொண்ணு லட்சணமா இருக்கா, மூக்குதான் கொஞ்சம்..." அப்படின்னு இழுத்துட்டு கேசரி சாப்பிடப் போயிட்டாங்க. அந்த ஒரு இழுவைக்கு விலை ஒன்றரை லட்சம் ரூபாய்.

அந்த இடத்தோட பேர் வேண்டாம். இந்த மாதிரி இடம் இப்ப ஊருக்கு நாலு இருக்கு. ஏசி, மீன் தொட்டி, சோபா. முதல்ல டாக்டர் இல்லை, "கவுன்சிலர்"னு ஒரு அம்மா. முக்கால் மணி நேரம் அவங்கதான் பேசினாங்க. பாப்பாவோட போட்டோவை ஸ்கிரீன்ல போட்டு, மவுஸால மேட்டை அமுக்கி, நுனியைத் தூக்கி, "இப்படித்தான் இருப்பீங்க மேடம்"னு காட்டினாங்க. சித்திக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அப்புறம் 12 மாசம் வட்டியில்லாத் தவணை. ஒரு வாரத்துல பட்டையை எடுத்துடுவோம், ரெண்டு வாரத்துல ஆபீஸ் போகலாம். தீபாவளிக்கு முன்னாடி புக் பண்ணினா தள்ளுபடி. டாக்டர் வந்தது கடைசி 5 நிமிஷம். சித்தி 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிட்டுத்தான் வெளியே வந்தாங்க.

வீட்டுக்கு வந்து ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கு மூக்கு மேல கோபம் வந்தது. அந்த அம்மா சொன்னதுல பெரிய பொய் எதுவும் இல்லை. சொல்லாம விட்டதுதான் அவ்வளவும்.

முதல் விஷயம் அந்த 12 மாசம். தவணைக்கு 12 மாசம்னு சொன்னாங்களே, வீக்கத்துக்கும் கிட்டத்தட்ட 12 மாசம்தான்னு ஏன் சொல்லலை? ஒரு வாரத்துல மேல ஒட்டின பட்டை போயிடும், ரெண்டு வாரத்துல கண்ணுக்குக் கீழ இருக்குற கன்றல் பெரும்பாலும் மறையும், ஆபீஸ் போகலாம், உண்மைதான். ஆனா மூக்கோட கடைசி வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும். தோல் தடிமனா இருந்தா அதுக்கு மேலயும் ஆகலாம். நம்ம ஊர் மூக்குல நுனிப்பக்கத் தோல் நிறைய பேருக்குத் தடிமன்தான். அந்த வீக்கம் காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். ஐப்பசியில அறுத்துட்டு தையில மணவறையில உட்கார்ந்தா, வீடியோவுல பதியப்போறது பழைய மூக்கும் இல்லை, ஸ்கிரீன்ல காட்டின மூக்கும் இல்லை. நடுவுல ஒண்ணு. கல்யாணத்துக்காகத்தான் பண்றோம்னு தெரிஞ்சும் இதைச் சொல்லாம தேதி குறிக்கிறவங்களை என்னன்னு சொல்றது?

அடுத்தது அந்த ஸ்கிரீன் படம். எங்க தொழில்ல கஸ்டமருக்கு முதல்ல டம்மியா நாலு ஸ்கிரீன் வரைஞ்சு காட்டுவோம். பின்னாடி டேட்டாபேஸும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. பட்டனை அமுக்கினா வேலை செய்யாது. இதுவும் அதே சமாச்சாரம். மவுஸுக்கு உள்ளே இருக்குற எலும்பும் குருத்தெலும்பும் தெரியாது, தோல் தடிமனும் தெரியாது, தழும்பு எப்படி ஆறும்னும் தெரியாது. நல்ல டாக்டர்களும் இந்தப் படத்தைப் போடுறாங்க, ஆனா நோயாளியும் தானும் ஒரே விஷயத்தைத்தான் பேசறோமான்னு பார்க்கப் போடுறாங்க. "இப்படித்தான் இருப்பீங்க"ன்னு சொல்றவரா இருந்தா எழுந்து வந்துடலாம்.

இன்னொரு கூத்து, அந்த போட்டோவே பாப்பா செல்போன்ல எடுத்த செல்ஃபி. 2018ல அமெரிக்காவுல முகச் சீரமைப்பு டாக்டர்கள் ஒரு கணக்குப் போட்டாங்க. 12 அங்குலத்துல இருந்து எடுத்த செல்ஃபியில, 5 அடி தூரத்துல எடுத்த படத்தை விட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியுதாம். கேமராவுக்குப் பக்கத்துல இருக்குறது பெருசாத் தெரியும், அவ்வளவுதான். அதாவது கேமராவோட பிழையைத் திருத்த மூக்கை அறுக்குறோம்.

இப்ப உள்ளே என்ன நடக்கும்னு கொஞ்சம் பார்க்கலாம் (சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க). மேட்டைச் செதுக்கினா வேலை முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன். இல்லை. பெரிய மேட்டைச் செதுக்கினதும் தண்டோட மேல்பக்கம் கூரை பிரிச்ச வீடு மாதிரி திறந்து நிக்கும். அதை மூட, ரெண்டு பக்க எலும்பையும் வெட்டி உள்பக்கமா நகர்த்தணும். அங்கேதான் மூக்குக்குள்ள காத்து போற பாதையிலேயே குறுகலான இடம் இருக்கு. அது கூடுதலா நெருங்கிட்டா மூச்சு திணறும். குழாயோட விட்டம் கொஞ்சம் குறைஞ்சாலும் போற காத்து அதை விட எவ்வளவோ மடங்கு குறையும், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்ச எனக்கே தெரியும் :-) நல்ல சர்ஜன் இதுக்காகவே அந்த இடத்துல குருத்தெலும்புத் துண்டை வச்சு முட்டுக் கொடுப்பார். "மூச்சுக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு அங்கே ஒரு வார்த்தை கேட்டேன். கவுன்சிலர் அம்மா, "அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார் சார்"னு சொல்லிட்டாங்க. மூக்கு எதுக்கு இருக்குன்னே பேசாம முக்கால் மணி நேரம் மூக்கைப் பத்திப் பேச முடியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

காத்தடைப்பு மட்டும் இல்லை. நடுச்சுவர்ல ஓட்டை விழலாம், தண்டு உள்வாங்கலாம். பிரியங்கா சோப்ரா 2021ல எழுதின தன் புத்தகத்துல, மூக்குக்குள்ள இருந்த சதை வளர்ச்சியை எடுக்கப் போய் தண்டு உள்வாங்கிப் போனதையும், அதைச் சரிபண்ண மறுபடி அறுவை பண்ணினதையும் சொல்லியிருக்காங்க. அது அழகுக்காகப் போன ஆபரேஷன்கூட இல்லை. அவங்களுக்கே அந்த கதின்னா, தவணையில கட்டுறவங்களுக்கு?

மறு ஆபரேஷன். இந்த வார்த்தை அந்த ஏசி ரூம்ல ஒரு தடவை கூட வரலை. மருத்துவ ஆய்வுகள்ல பொதுவா 100ல 5 முதல் 15 பேருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுதுன்னு எழுதுறாங்க. அதையும் உடனே பண்ண முடியாது, வீக்கம் வடிய ஒரு வருஷம் காத்திருக்கணும். முதல் தடவை நடுச்சுவர்க் குருத்தெலும்பை எடுத்துப் பயன்படுத்தியிருந்தா, இரண்டாவது தடவைக்குக் காதுல இருந்தோ விலா எலும்புப் பக்கம் இருந்தோ எடுக்கணும். இரண்டாவதுக்குக் காசு யாரு கொடுப்பா? கேளுங்க. எழுதி வாங்குங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. விபத்து, தீக்காயம், புற்றுநோய், மருத்துவத் தேவை இதுக்கெல்லாம் தவிர, அழகு ஆபரேஷன் நம்ம ஊர் பாலிசியில விலக்குப் பட்டியல்ல இருக்கு. பின்னாடி சிக்கல் வந்து ஓடினாலும் அதைக் காட்டி இழுத்தடிப்பாங்க.

"கத்தி வேண்டாம்னா ஊசி போட்டுக்கலாம் மேடம், அரை மணி நேரம்தான்"னு ஒரு தூண்டிலும் போட்டாங்க. ஃபில்லர்னு பேரு, ஒரு ஜெல். முதல்ல அது மூக்கைக் குறைக்காது, மேட்டுக்கு மேலயும் கீழயும் நிரப்பி நேராக் காட்டும். ரெண்டாவது, அந்த ஜெல் ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் அழுகிப்போகலாம், கண் பார்வையே போகலாம். அரிதுதான், ஆனா முகத்துலயே ஆபத்து அதிகமான இடங்கள்ல மூக்கும் ஒண்ணு. அந்த ஜெல்லைக் கரைக்கிற மருந்து பக்கத்துல இருக்கான்னு கேட்காம, பியூட்டி பார்லர் நாற்காலியில உட்கார்ந்து அந்த ஊசியைப் போட்டுக்கறவங்க இருக்காங்க.

யார் கத்தியைப் பிடிக்கிறாங்கன்னு பார்க்குறதுல என்ன வெட்கம்? பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படிச்சவங்க இருக்காங்க, மூக்கு வேலையிலேயே ஊறின இ.என்.டி. சர்ஜன்களும் இருக்காங்க. சுவத்துல தொங்குற ரெண்டு நாள் பயிற்சி சர்டிபிகேட் அதுக்கு ஈடு இல்லை. பயிற்சிப் பட்டறையிலயோ யூடியூப்லயோ பார்த்துக் கத்துக்கிட்டு அழகு அறுவை பண்ணக்கூடாதுன்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையமே சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்ற நிலைமை வந்திருக்குன்னா யோசிச்சுக்கோங்க.

கையெழுத்துப் போடுற ஃபாரம் இன்னொரு கதை. சாப்ட்வேர் போடும்போது வர்ற "ஐ அக்ரீ" பக்கத்தைப் படிக்காம அமுக்குவோமே, அதே மாதிரி சித்தி கையில பேனாவைக் கொடுத்தாங்க. டெல்லியில ஒரு அம்மா பரிசோதனைக்குன்னு கையெழுத்துப் போட, மயக்கத்துல இருக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அந்த வழக்குல 2008ல சுப்ரீம் கோர்ட், ஒண்ணுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொண்ணுக்குச் செல்லாது, என்ன பண்ணப்போறோம், என்ன ஆபத்து, வேற வழி என்னன்னு போதுமான அளவுக்கு விளக்கித்தான் சம்மதம் வாங்கணும்னு சொல்லிடுச்சு. அதனால ஃபாரத்தை வீட்டுக்குக் கொடுங்கன்னு கேளுங்க. கொடுக்க மாட்டேன்னு சொன்னா அதுவே பதில்தான்.

சில பேர் சண்டைக்கு வருவாங்க, "அவ உடம்பு, அவ மூக்கு, உனக்கென்ன?"ன்னு. நியாயமான கேள்வி. 1794ல லண்டன் பத்திரிகை ஒண்ணுல பூனாவுல நடந்த மூக்கு ஆபரேஷன் பத்தி வந்தது. இங்கிலீஷ்காரன் படையில மாட்டுவண்டி ஓட்டினவர், திப்பு சுல்தான் ஆளுங்க மூக்கை அறுத்துட்டாங்க, நெத்தித் தோலை இறக்கி நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் புது மூக்கு வச்சார். அதைப் படிச்சுத்தான் கார்ப்யூன்னு ஒரு டாக்டர் 1814ல லண்டன்ல அதே முறையில பண்ணினார். அறுந்த மூக்குக்குத்தான் ஆபரேஷன், நல்ல மூக்குக்கு இல்லைன்னு நான் வாதாடப் போறதில்லை. 1898ல பெர்லின்ல ஜாக் ஜோசப்கிட்ட வந்தவர், எல்லாரும் தன் மூக்கையே பார்க்குறாங்கன்னு வெளியே போகவே கூசினவர். அந்த வேதனையும் வேதனைதான். தானா யோசிச்சு, ஆபத்தைத் தெரிஞ்சு, பண்ணிக்கிட்டு நிம்மதியா இருக்குறவங்க நிறைய பேர். எந்த மூக்கு கொடுத்தாலும் திருப்தி வராத மனக்கோளாறும் ஒண்ணு இருக்கு, அதைக் கண்டுபிடிச்சு "உங்களுக்குப் பண்ண மாட்டேன்"னு திருப்பி அனுப்புற டாக்டர்களும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கும்பிடு. பாப்பா விஷயத்துல அவ எதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணினா? பெரியம்மாவோட இழுவையும் கவுன்சிலரோட மவுஸும்தான்.

இதையெல்லாம் அவகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, எனக்கும் காலேஜ்ல இருந்தே அந்த மேடு பிடிக்காது. அவங்க சொன்னதால மட்டும் இல்ல"ன்னா. எனக்கு அது தெரியாது, நானா என்னென்னமோ நினைச்சுக்கிட்டிருந்தேன். கடைசியில அவளே முடிவு பண்ணினா: இப்ப வேண்டாம், கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் கழிச்சும் தோணினா, ரெண்டு சர்ஜன்களைப் பார்த்துட்டு, தன் சம்பளத்துல. நான் கூட வரணுமாம். கவுன்சிலர் பேசினா எழுந்து வந்துடணுமாம்.

25,000 இன்னும் திரும்பலை. "ரீஃபண்ட் பாலிசி இல்ல சார், வேணும்னா அந்தத் தொகைக்கு முகத்துக்கு லேசர் பண்ணிக்கலாம்"னு நேத்து அந்த அம்மா போன்ல சொன்னாங்க. யாருக்குன்னு கேட்டேன். "உங்களுக்குக்கூட பண்ணலாம் சார், அன்னிக்கே கவனிச்சேன், கண்ணுக்குக் கீழ கொஞ்சம்..." அப்படின்னு இழுத்தாங்க.