அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்!

எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வரும் அம்மாவை நாலு நாளாகக் காணோம். ஐந்தாம் நாள் வந்தார். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"பையனைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. சேர்க்கை சரியில்ல. செல்போனைத் திருடிட்டானாம். கூர்நோக்கு இல்லத்துல வெச்சிருக்காங்க" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டார். "அவனுக்குக் கையெல்லாம் சிரங்கும்மா. ராத்திரியில சொறிஞ்சிக்கிட்டே இருப்பான். அங்க யாராச்சும் மருந்து போட்டு விடுவாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

"தப்பு பண்ணினவன்தானே, அனுபவிக்கட்டும்" என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஒரு நிமிஷம்! ப்ளஸ் ஒன் படிக்கும் உங்கள் பிள்ளை, லைசென்ஸ் இல்லாமல் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகிறானா? நாளைக்கே அவன் யார் மீதாவது மோதி ஓர் உயிர் போய்விட்டால்? பூக்கார அம்மாவின் மகன் நின்ற அதே இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால்தான் அவனும் நிற்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியைக் கொடுத்த உங்களுக்கும் மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம். ஆக, இது யாரோ ஒருத்தர் வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையை போலீஸ் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண். ஜாமீன் கிடைக்காத பிள்ளைகளை, விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம்தான் கூர்நோக்கு இல்லம். கவனித்தீர்களா? அங்கே இருக்கும் பிள்ளைகளின் குற்றம் இன்னும் நிரூபணமே ஆகவில்லை!

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் 2016-ம் வருஷத்து மாதிரி விதிகளின் கணக்குப்படி, 25 பிள்ளைகள் படுக்கும் அறைக்கு 1,000 சதுர அடி வேண்டும். அதாவது தலைக்கு 40 சதுர அடி. மாதம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும். அதுவும் ஆபீஸ் அறையை விட்டுத் தள்ளி, அவர்கள் தங்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் நமக்குப் புதிதும் இல்லை. சென்னை மாகாணத்தில் 1920-லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2022 டிசம்பர் 31-ம் தேதி, செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் இறந்துபோனான். அடித்ததால் இறந்தான் என்ற புகாரில் அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகு, இந்த இல்லங்களைச் சீரமைக்க யோசனை சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகத் தமிழக அரசு நியமித்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அறிக்கை வாங்கினால் மட்டும் போதுமா? அதில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று அரசு வரிசையாக மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியப் பத்திரிகையில் எதற்கு இந்தப் பேச்சு? காரணம் இருக்கிறது. சிரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனுக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது. கூடப் படுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்குப் போனது அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும். போதைப் பழக்கத்தோடு வருகிற பிள்ளைக்கு, அது கிடைக்காதபோது கை நடுங்கும், தூக்கம் வராது, கோபம் கோபமாக வரும். அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர் இருந்தால் என்ன ஆகும்? நோய் என்று தெரிந்த டாக்டர் இருந்தால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

இந்த இல்லங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு பார்க்க வேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அதிகாரியும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த டாக்டர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. பிள்ளையின் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்க வேண்டும். ஊழியர்கள் இல்லாத இடத்தில் அவனோடு தனியாகப் பேச வேண்டும். பொறுப்பில் இருப்பவரே பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவு உயிரோடு இருப்பது டாக்டரின் கண்ணில்தான் இருக்கிறது. ராத்திரி டியூட்டிக்குப் போதுமான ஆட்களும், மனநல ஆலோசகரும் வேண்டும். அடிக்காமல் பிள்ளைகளைச் சமாளிக்க ஊழியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும்.

நம் பங்கு? தெரிந்த பிள்ளை மாட்டிக்கொண்டால், அவன் போட்டோவையும் பெயரையும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பெற்றோருக்கு விவரம் தெரியாவிட்டால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார் என்று சொல்லுங்கள். பிள்ளை துன்பப்படுவது தெரிந்தால் 1098-க்கு போன் செய்யுங்கள். திரும்பி வந்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வார்த்தை பேசுங்கள்.

பூக்கார அம்மாவின் மகன் போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டான். "மருந்து குடுத்தாங்களாம்மா. ஆனா ஒரே போர்வையில மூணு பேராம். அதான் இன்னும் போகல" என்றார், பூவை அளந்துகொண்டே.

அந்த இன்னும் இரண்டு பேர் அங்கேயேதான் இருக்கிறார்கள்.