இரண்டாவது கொன்ட்ரோலரில் இருந்து ஒரு தரவரிசை

எட்டு பிற் நின்டென்டோவின் சிறந்த கேம்கள் எவை என்று இணையத்தில் தேடினால் வருகிறதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான். சூப்பர் மாரியோ ப்ரோஸ் 3, செல்டா, மெற்றொய்ட், மெகா மான் 2, பஞ்ச் அவுட். வரிசை கொஞ்சம் மாறும், ஆட்கள் மாறமாட்டினம். எங்கட வீடுகளில் ஓடிய கேம்களில் பாதியை அதுக்குள்ள தேடினாலும் காணக்கிடைக்காது. பற்றில் சிற்றி இல்லை. ரோட் ஃபைற்றர் இல்லை. சேர்க்கஸ் சார்லி இல்லவே இல்லை.

அப்ப எங்களுக்குத்தான் ரசனை இல்லையோ? அப்படி இல்லை, காரணம் சின்னது. இந்த மூன்று கேம்களும் அந்தக் காலத்தில் வட அமெரிக்காவில் அந்த மெஷினுக்கு வெளியாகவே இல்லை. உலகம் முழுக்கப் பரவுகிற பட்டியல்களை எழுதுகிற ஆட்களில் கனபேர் அங்கே வளர்ந்தவர்கள். அவர்கள் கையில் கிடைக்காததை அவர்கள் எப்படி வரிசைப்படுத்துவது? பிரச்சினை, அந்தப் பட்டியலுக்கு "எல்லாக் காலத்துக்கும் சிறந்தவை" என்று தலைப்புப் போடுவதில் இருக்கிறது.

எங்களிடம் வந்து சேர்ந்தது வேறு வழி. நின்டென்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபமிகொம் என்ற மெஷினை வெளியிட்டது. அமெரிக்காவுக்கு 1985இல் போனது அதே மெஷின்தான், உடம்பு மட்டும் வேறு. கசற்றின் பின்னும் 60இல் இருந்து 72 ஆனது. நாங்கள் "ரீவி கேம்" என்று சொன்னது இந்த இரண்டும் இல்லை. ஜப்பான் மெஷினைப் பார்த்து வேறு ஆட்கள் செய்து, மலிவாக விற்ற நகல். அதோட வருகிற கசற்றில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருப்பது கொஞ்சக் கேம்தான், அதையே வேற வேற பெயரில், வேற வேற ஸ்ரேஜில் இருந்து தொடங்கவிடுவார்கள். 9999ஐயும் பார்த்து முடிக்கவேணும் என்று கீழே கீழே இறங்கிப் போன ஆட்கள் எங்களில் இருக்கினம்.

அந்தக் கசற்றுக்குள் எது போகும் என்பதை இடம்தான் தீர்மானித்தது. பற்றில் சிற்றி முழுவதும் 24 கிலோபைற். சூப்பர் மாரியோ 40 கிலோபைற். இப்ப ஃபோனில் அனுப்புகிற ஒரு மங்கல் படம் இதைவிடப் பெரிசு. செல்டாவோ 128 கிலோபைற், அதோட விளையாடின இடத்தைச் சேமிக்க கசற்றுக்குள் ஒரு பற்றரியும் வேணும். மலிவு விலைக் கசற்றில் அதை ஆர் வைப்பான்? ஆகவே 1984, 85 அளவில் வந்த சின்னச் சின்னக் கேம்கள்தான் அதிகமாக எங்கட பங்குக்கு வந்தன.

இந்த செமஸ்ரர் லீவில் நாங்கள் நாலுபேர் ஒரு லப்டொப்பில் எமுலேற்றர் போட்டு, இரண்டு யூஎஸ்பி கொன்ட்ரோலர் குத்தி, அந்தக் கேம்களைத் திருப்பி விளையாடினோம். எங்களுக்கென்று ஒரு வரிசை போடுவதுதான் திட்டம். முதல் நாளே சண்டை. இருவர் கண்ணை மூடிக்கொண்டு சூப்பர் மாரியோதான் முதலிடம் என்றார்கள். மற்ற இருவரும், "உலகத்திலேயே அலுப்பான கேம் அதுதான்" என்றார்கள். கொஞ்ச நேரம் கத்தின பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முதல் இருவரும் வீட்டில் மூத்த பெடியள். மற்ற இருவரும் அண்ணாமாரோட வளர்ந்த தங்கச்சிமார்.

மாரியோவில் இரண்டுபேர் விளையாடலாம் என்று மெனுவில் போட்டிருக்கும். ஆனால் சேர்ந்து விளையாட ஏலாது. மாரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை. அண்ணா கெட்டிக்காரன் என்றால் தங்கச்சி ஒரு அரை மணித்தியாலம் கொன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டியதுதான். அவளுக்கு முறை வரும். முதல் காளானிலேயே முட்டிச் சாவாள், பழக நேரம் கிடைத்தால்தானே. பிறகு திரும்ப அரை மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் அதோட சரி.

இன்னொன்று. ஃபமிகொம்மின் இரண்டாவது கொன்ட்ரோலரில் ஸ்ரார்ட், செலக்ற் பட்டன்கள் இல்லை. அதுக்குப் பதிலாக ஒரு மைக் இருந்தது. அதைப் பார்த்துச் செய்த பல நகல்கள் மைக்கை விட்டுவிட்டன, பட்டன் இல்லாததை மட்டும் அப்படியே வைத்திருந்தன. கேமைத் தொடங்குவதும், இடையில் நிறுத்துவதும், எதை விளையாடுவது என்று தெரிவதும் முதலாவது கொன்ட்ரோலர்காரர். மற்ற ஆளுக்குத் தண்ணி குடிக்கப் போகவேணும் என்றாலும் கேட்டுத்தான் போகவேணும்.

ஆகவே எங்கட அளவுகோலை மாற்றினோம். கிராஃபிக்ஸ், இசை, வரலாற்று முக்கியத்துவம் எல்லாத்தையும் அமெரிக்கப் பட்டியல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தக் கேம் இரண்டாவது ஆளை எப்படி நடத்துது?

முதலிடம் பற்றில் சிற்றி. அதில் விவாதமே இல்லை. நம்கோ 1985இல் வெளியிட்டது. 35 ஸ்ரேஜ், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டாங்கி, கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம். மஞ்சள் டாங்கி முதலாம் ஆள், பச்சை இரண்டாம் ஆள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே திரையில், ஒரே பலத்தோட. கூட்டாளியைச் சுட்டால் அவர் சாகமாட்டார், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். இந்த ஒரு விதியை யோசித்த ஆளுக்குக் கோயில் கட்டலாம். கோபம் வந்தால் அண்ணாவைச் சுடலாம், அவர் உறைந்துபோய் நிற்பார், ஆனால் கேம் கெடாது. அதே நேரம் கழுகை ஆர் சுட்டாலும், தவறிச் சுட்டாலும், இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. கெடுக்கிற அதிகாரம் இருவருக்கும் சரிசமம் என்கிறபோது காக்கிற பொறுப்பும் சரிசமமாக வந்துவிடுகிறது. வீட்டில் சின்ன ஆட்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு வேற எதில் கிடைத்தது?

அதோட கன்ஸ்ரக்ஷன் என்று ஒரு பகுதி. செங்கல், இரும்பு, தண்ணி, புல், பனி எல்லாவற்றையும் விரும்பினபடி அடுக்கி நாங்களே ஒரு ஸ்ரேஜ் செய்யலாம். எங்களில் ஒருத்தி கழுகைச் சுற்றி முழுவதும் இரும்பு வைத்து, "இனி ஆர் வந்தாலும் பயமில்லை" என்று இருந்தவளாம். எதிரிகளைவிட அண்ணாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. மெஷினை நிறுத்தினால் கட்டினதெல்லாம் போய்விடும். அடுத்த நாள் திரும்பக் கட்டுவாள்.

இரண்டாவது கொன்ட்ரா. கொனாமி, ஃபமிகொம்முக்கு 1988. இது அமெரிக்கப் பட்டியல்களிலும் இருக்கிறது, ஆனால் அங்கே 30 லைஃப் தருகிற ரகசியக் கோட் பற்றித்தான் பேச்சு. எங்களுக்கு முக்கியம் வேறொன்று. ஒரு ஆளின் லைஃப் எல்லாம் முடிந்தால், கூட்டாளியிடம் மிச்சம் இருக்கிற லைஃபில் ஒன்றை எடுத்து உள்ளே வரலாம். கேம் இதுக்கு அனுமதி கேட்காது, பட்டனை அமத்தினால் சரி. "ஒண்டு எடுக்கட்டா?" என்று கேட்கிறதா, கேட்காமல் எடுக்கிறதா என்பது அந்தந்த வீட்டுப் பழக்கம். எங்களில் கேட்டு எடுத்த ஆட்கள் எல்லாரும் இளைய ஆட்களாக இருந்தது தற்செயல் இல்லை. மூன்றாவது ஸ்ரேஜில் நீர்வீழ்ச்சி வரும். ஒரு ஆள் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரை மேலே போகும், கீழே நிற்கிற ஆள் செத்தார். இந்த லீவில் விளையாடும்போதும் மூத்தவர் இருவரும் அந்த இடத்தில் பொறுத்து நிற்கவில்லை. இருபது வயசு தாண்டியும்.

மூன்றாவது ஐஸ் கிளைமர், நின்டென்டோ, 1985. நீர்வீழ்ச்சியில் ஒருக்கா நடக்கிறது இதில் முழு நேரமும் நடக்கும். 32 மலை, நீல உடுப்புப் போப்போ, இளஞ்சிவப்பு உடுப்பு நானா. முன்னுக்கு ஏறுகிற ஆள் திரையை இழுத்துக்கொண்டு போவார். உச்சியில் பறக்கிற பறவையை ஒரு ஆள்தான் பிடிக்கலாம். கொடுமையான கேம், குதிக்கிறதும் ஒழுங்காக வராது. ஆனால் கொடுமை இரு பக்கமும் சமம், நானா முந்தினால் போப்போவும் விழுவார். "பிங்க்தானே, நீ எடு" என்று தந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. எங்கட தங்கச்சிமார் இந்த லீவில் நன்றாகவே பழி வாங்கினார்கள்.

நாலாவது சிப் அன் டேல். கூட்டாளியைத் தூக்கி எறியலாம், உதவிக்கும் எறியலாம், சும்மாவும் எறியலாம். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை, இனிமையான கேம்.

டக் ஹன்ற்றை வரிசையில் சேர்க்க முடியாமல் போனது. இரண்டாவது கொன்ட்ரோலரால் வாத்தை ஓட்டலாம் என்பது எங்களுக்கு இப்பதான் தெரியும். எத்தனை வருசம் சும்மா இருந்து பார்த்திருக்கிறோம்! ஆனால் அந்தத் துவக்கு பழைய குண்டு ரீவிக்குத்தான். சுடும்போது திரை ஒரு கணம் கறுக்கும், வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும், துவக்கு அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். இப்ப இருக்கிற தட்டை ரீவிகளில் அது வேலை செய்யாது. மவுஸால் வாத்துச் சுடுவது விளையாட்டே இல்லை.

செல்டாவுக்கு இது அநியாயம் என்று சிலர் சொல்லலாம். தனியே இருந்து, ஆறுதலாக, கனநாள் விளையாடவேண்டிய கேம் அது; பெரிய கேம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை விளையாட ஒரு ஆளுக்கு முழு ரீவியும் வேணும், நேரமும் வேணும், இங்கிலிஷும் கொஞ்சம் வேணும். ஒரு வீட்டில் ஒரு ரீவி, அதில் அம்மம்மாவின் நாடகம், அதுக்குப் பிறகு செய்தி, மிச்ச நேரத்தில் மூன்று பிள்ளைகள் என்கிற கணக்குக்கு அது பொருந்தாது. ஒரு தகவல்: ஜப்பானில் வந்த செல்டாவில் பெரிய காதுள்ள ஒரு எதிரியைக் கொல்ல இரண்டாவது கொன்ட்ரோலரின் மைக்கில் கத்தினால் போதும். அந்தக் கேமில் இரண்டாவது கொன்ட்ரோலருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ரோட் ஃபைற்றர் தனி ஆள் கேம் என்பதால் எங்கட விதியால் வெளியே போனது. அது எல்லாருக்கும் கவலை. ஒரு ஆள் ஓட்ட, மற்ற ஆட்கள் பின்னால் இருந்து "பெற்றோல், பெற்றோல்" என்று கத்துவதையும் சேர்த்தால் அதுவும் நாலுபேர் கேம்தான் என்று ஒரு வாதம் வந்தது. ஐந்தாவது இடத்தை அதுக்கே கொடுத்தோம்.

சூப்பர் மாரியோ ஆறாவது. இதை ஒருவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, அவரும் மூத்த பெடியன்தான்.