பெயர்ப்பலகை வைத்தியம் பார்க்குமா?

நோயாளி ஒருவன் போகுமிடமெல்லாம் புதிய வைத்தியர் முன் அமர்ந்து தன் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது. அவன் சொல்ல மறந்த ஒரு மருந்தே அவனுக்கு நஞ்சாகலாம். இக்குறையைக் களையவெனப் பிறந்ததே 'மருத்துவ இல்லம்' என்னும் எண்ணம். நீடித்த நோயுள்ள பிள்ளைகளின் குறிப்புகள் யாவும் ஓரிடத்தில் இருத்தல்வேண்டுமென 1967இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் கூறிற்று. பின்னர் அது எல்லா வயதினருக்கும் விரிந்தது. நோயாளியை அறிந்த ஒரு வைத்தியர், அவருக்குத் துணையாகத் தாதியர், வராதவரைத் தேடி விசாரிக்கும் பொறுப்பு: இவையே அவ்வில்லத்தின் தூண்கள்.

கொள்கை நன்று, நடைமுறை எப்படி? 2008இல் பென்சில்வேனியா மாநில அரசாங்கம் காப்புறுதிக் கொம்பனிகளை ஒன்றுகூட்டி இம்முயற்சியைத் தொடங்கியது. தென்கிழக்குப் பகுதியில் அங்கீகாரப் பத்திரம் பெற்ற வைத்திய நிலையங்களுக்கு ஊக்கப்பணம் கிடைத்தது. அங்கு 32 நிலையங்களின் மூன்றாண்டுப் பணியை ஆராய்ந்த முடிவு 2014இல் வெளியாயிற்று. அளந்த 11 தராதரங்களுள், ஏனைய நிலையங்களிலும் மேலாக முன்னேறியது ஒன்றே. ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் குறையவில்லை, செலவும் குறையவில்லை.

அப்படியாயின் திட்டமே வீணென்று சிலர் கூறுவர். நாம் அதனை ஒப்புக்கொள்ளோம். அதே மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், தம் நோயாளிகளுள் எவர் ஆஸ்பத்திரியிற் சேர்ந்தார் என்ற செய்தி நிலையங்களுக்கு உடனுக்குடன் அறிவிக்கப்பட்டது; மிச்சமான பணத்திலும் பங்கு கிடைத்தது. அங்கே ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறைந்ததென 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. வேர்மொன்ற் மாநிலமோ 2010இல் சட்டமியற்றி முயற்சியை மாநிலமெங்கும் விரித்தது. கொம்பனிகளின் பங்களிப்பையும் கட்டாயமாக்கியது. தாதியரும் சமூகசேவையாளரும் அடங்கிய குழுக்கள் நோயாளியிடம் கட்டணம் பெறாது பணிபுரிந்தன.

2018இல் இலங்கை அரசாங்கமும் ஒவ்வோர் ஆரம்ப வைத்திய நிலையத்துக்கும் குறித்த மக்களைப் பொறுப்பாக்கும் கொள்கையை வகுத்தது. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒருநாள் வேலையை இழந்து பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கும் கமக்காரனுக்கு வேண்டியது புதிய பெயர்ப்பலகையன்று. அவன் பெயரையும் நோயையும் அறிந்து, அவனுக்காகப் பதில்சொல்லக் கடமைப்பட்ட ஒருவரே வேண்டும். அக்கடமையைச் சுமத்தும் சட்டமும், அதனைத் தாங்கும் பணமும், ஆளணியும் எங்கே என்று கேட்பது நம் உரிமை; கேளாதிருப்பது நம் குற்றம்.