மழைக்குச் சாதி தெரியாது, நிவாரணப் பட்டியலுக்குத் தெரியும்

"இயற்கைக்குச் சாதி தெரியாது." ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சரி, மழைக்குத் தெரியாது. ஆனால் சமதளத்தில் யார் குடியிருப்பது, சரிவில் யார் குடியிருப்பது என்பதை மழையா முடிவு செய்தது?

நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. இன்று மாவட்ட நிர்வாகத்திடம் 283 அபாயப் பகுதிகளின் பட்டியல் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை ஊட்டிக்கு வந்துவிடுகிறது. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மக்களை மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துவிட்டு, வெயில் அடித்ததும் அதே சரிவுக்கே திருப்பி அனுப்புவது எந்த வகைத் தயாரிப்பு?

அந்தச் சரிவில் இருப்பவர்கள் யார்? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். லைன் வீட்டை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தது எஸ்டேட் நிர்வாகம். ஓய்வு பெற்றால் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகைதான். "ஆபத்தான இடத்தில் ஏன் வீடு கட்டினீர்கள்?" என்று அவர்களைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒன்றிய உள்துறையின் 2022–26 நிவாரண விதிமுறைப்படி, மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1.30 லட்சம் ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். இடிந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று அதிகாரி சான்றளிக்கவும் வேண்டும். பட்டா இல்லாத கொட்டகைக்கு யார் சான்று தருவார்? லைன் வீடோ கம்பெனியின் சொத்து. நாற்பது வருடம் அதில் குடியிருந்தவருக்கு வீட்டுக்கணக்கில் இழப்பே இல்லை. துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்பதோடு கணக்கு முடிகிறது.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் பொய் சொல்லி நிவாரணம் கேட்டால் 52ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. யாரைச் சந்தேகப்பட்டு எழுதிய சட்டம் இது என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலாளிக்கு வேறு நியாயம். லைன் வீடு இடிந்து தொழிலாளி செத்தால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 16-ஏ பிரிவைப் பின்னர் சேர்த்தார்கள். கூடவே ஒரு விலக்கையும் வைத்தார்கள்: முழுக்கவும் நேரடியாகவும் இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் பொறுப்பில்லை என்றது அந்தச் சட்டம். 'இயற்கை' என்ற சொல் யாருக்குக் குடை பிடிக்கிறது என்பது இங்கே தெரிகிறது.

மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நான்கு லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் தலித் தொழிலாளர்கள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. கேரள அரசு அறிவித்த தொகை விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். முதல்வர் கரிப்பூருக்கு அடுத்த நாளே போனார். பெட்டிமுடிக்குப் போக ஒரு வாரம் ஆனது. இடதுசாரி அரசிலேயே இந்த நிலை.

ஒன்றிய அரசு இன்னும் மோசம். நம் பந்தலூருக்கு எல்லை மாவட்டமான வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதைக் கடும் பேரிடர் என்று ஒப்புக்கொள்ளவே டிசம்பர் ஆனது. 2025 பிப்ரவரியில் கொடுத்த 529.50 கோடியும் மானியமல்ல, கடன். பாதிக்கப்பட்டவர்களின் கடன் தள்ளுபடி வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, கடன் நிவாரணத்துக்கு வழி சொன்ன 13ஆம் பிரிவையே சட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

தோழர்களே, நமக்குத் தேவை பரிதாபம் அல்ல, நிலம். உரிமையாளரைக் கணக்கெடுக்காதே, குடியிருப்பவரைக் கணக்கெடு. ரேஷன் கார்டும் தோட்ட வேலைப் பதிவும் போதுமான சான்று. ஓய்வு பெற்ற தொழிலாளருக்குப் பாதுகாப்பான இடத்தில் பட்டாவோடு வீடு கொடு. 61ஆம் பிரிவை மீறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு.

மாணவர்கள் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த 283 இடங்களில் எத்தனை லைன் வீடுகள், எத்தனை ஆதிதிராவிடர் காலனிகள், எத்தனை பழங்குடிக் குடியிருப்புகள்? கடந்த ஐந்தாண்டுகளில் வீட்டு நிவாரணம் வாங்கியவர்களில் பட்டா இல்லாதவர் எத்தனை பேர்? பதில் வந்தால் அது நம் ஆயுதம். "தகவல் இல்லை" என்று வந்தால், அந்தக் கணக்கை இவர்கள் எடுக்கவே இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

அடுத்த மழைக்கு முன்னால் போடுங்கள்.

ஜெய் பீம்.